சொந்தமாக ஒரு வரி

அவளுக்கு 'டேப் ரெக்கார்டர்', சுருக்கமாக 'டேப்', என்ற பட்டப்பெயர் ஏழாம் வகுப்பில் வந்தது. அழுத்தினால் ஓடும், அழுத்தினால் நிற்கும் என்று வகுப்பே கேலி செய்தது. அவள் முதல் ரேங்க் வாங்கியதும் வாயை மூடிக்கொண்டது. தினமும் அப்பா புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார், இவள் நடந்துகொண்டே ஒப்பிப்பாள். ஒரு சொல் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த மார்க்குதான் அவளை விமானம் ஏற்றியது.

கடல் கடந்து சேர்ந்த பல்கலைக்கழகத்தில் அதே மனப்பாடம் கழுத்தைப் பிடித்தது. முதல் பரீட்சையில் நான்கு பக்கம், புத்தகத்தில் இருந்தபடியே எழுதியிருந்தாள். அதில் ஓர் அட்டவணை: நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தொன்று, மொத்தம் அறுபத்தொன்பது. அச்சுப்பிழை. பிழையைக்கூட விசுவாசமாக எழுதிய பாவத்துக்கு, காப்பி என்று குற்றம் சாட்டினார்கள். குற்றம் உறுதியானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

விசாரணை அறையில் மூன்று பேர்.

"மனப்பாடம் பண்ணி எழுதினேன்" என்றாள். காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"சரி, சொல்லுங்க பார்ப்போம்" என்று துறைத்தலைவர் புத்தகத்தைப் பிரித்தார்.

உட்கார்ந்தபடி அவளுக்கு வரவில்லை. எழுந்து கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். அப்புறம் மடமடவென்று கொட்டியது. இரண்டாம் பக்கத்தில் துறைத்தலைவர் கையைத் தூக்கிவிட்டார்.

"போதும், நம்புறோம். நீங்க காப்பியடிக்கல."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தாளைத் திருத்திய பேராசிரியை விடவில்லை. அட்டவணையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினாள். தொண்ணூற்றாறு. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

"எழுதும்போது தெரியலையா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"சரி. நீங்க ஒப்பிச்ச பக்கம் என்ன சொல்லுது? உங்க வார்த்தையில ஒரே ஒரு வரி போதும்."

வாயைத் திறந்தாள். புத்தகத்தின் முதல் வரி வந்தது. பேராசிரியை காத்திருந்தார். மறுபடி திறந்தாள். இரண்டாம் வரி வந்தது. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள், இருந்தது இரக்கம்.

குற்றச்சாட்டைத் தள்ளினார்கள். தாளுக்குப் பூஜ்யம் போட்டார்கள். பதினைந்து நாளில் மறுபரீட்சை. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனால் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்பா போனில் காத்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"காப்பியடிக்கலன்னு ஒத்துக்கிட்டாங்கப்பா. ஒப்பிச்சுக் காட்டினேன்."

"அப்படிப் போடு! யார் பொண்ணு? எத்தனை வருஷம் புத்தகமும் கையுமா உன் பின்னாலயே நடந்திருப்பேன்!"

அவர் பெருமையைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது. மீதியைச் சொல்லவில்லை.

விடுதி அறையில் வெள்ளைத்தாளில் ஒரு வரி எழுதினாள். நாற்பத்திரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. அடித்தாள். இன்னொரு வரி எழுதினாள். ஐம்பதாம் பக்கம். அதையும் அடித்தாள். வெகுநேரம் கழித்து, 'எனக்கு இது புரியவே இல்லை' என்று எழுதினாள்.

அந்த வரி எந்தப் பக்கத்திலும் இல்லை.