கூரைக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு இஞ்ச்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 'இஞ்ச்' என்ற சொல் நம் ஊரில் படும் பாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள், யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அகராதியைத் திறந்தால் 'ஒரு அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு' என்று ஒரே வரியில் முடிந்துபோயிற்று. மிச்சப் பக்கங்களை எதைக் கொண்டு நிரப்புவது?

பிறகுதான் காது திறந்தது. டிவிக்கு இஞ்ச், தண்ணீர்க் குழாய்க்கு இஞ்ச். தாலுகா ஆபீஸில் ஃபைல் ஒரு இஞ்ச் கூட நகரவில்லை. அங்குலம் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அங்குலம் அங்குலமாகத் தேடுவதெல்லாம் செய்தித்தாளில் வரும் போலீஸ்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன் இஞ்ச்சுக்காகத்தான் போகிறான்.

(இந்த இடத்தில் வெள்ளைக்காரன் வந்த கதை ஒரு பத்தி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.)

2.

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக—"

வேண்டாம். அது அமைதியாக இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன.

இரண்டாவது: "காற்றாலை இறக்கை ஒன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது."

இது பரவாயில்லை. ஒரு தெரு நீளத்துக்கு ஒரே இறக்கை, அதைச் சுமக்க ஒரு டிரெய்லர். பெரிய சாலையில் பாலத்து வேலை நடந்ததால் வண்டியைக் கீழவைப்பார் பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே ஒரு வளைவு. வளைவில் பேச்சிச்செல்வியின் டீக்கடை.

பேச்சிச்செல்வி ஆற்றுப்பாசன ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இரண்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் டீ ஆற்றியவள். போன ஞாயிற்றுக்கிழமைதான் தகரக் கூரை போட்டாள். உப்புத் தரையில் மரம் இற்றுப்போகும் என்று நான்கு கால்களுக்கும் அடியில் மும்மூன்று செங்கல் அடுக்கினாள். வியாபாரத்துக்கு நடுவே அடிக்கடி ரோட்டுக்கு வந்து நின்று அந்தக் கூரையைப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான். (பாத்திரங்களைப் பிடித்துப்போவது எழுதுகிறவனுக்கு நல்லதில்லை. பின்னால் தெரியும்.)

3.

வண்டிக்கு வெளியே நின்று வழி சொல்பவர் தனராஜ். ஓட்டுகிறவர் சுடலைக்கண்ணு. தனராஜ் "ஒரு இஞ்ச் வா" என்றால் ஒரு முழம் வரலாம். "இஞ்ச் இஞ்சா வா" என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்ட வேண்டும். வெறுமனே "இஞ்ச்!" என்று கத்தினால் பிரேக். பதினோரு வருஷமாகச் சுடலைக்கண்ணு இந்தப் பாஷையில்தான் வண்டி ஓட்டுகிறார்.

"இஞ்ச்!"

வண்டி நின்றது. கூரைக்கு மேலாகப் போக வேண்டிய இறக்கையின் நுனி, கூரையின் நெற்றிக்கு நேராக வந்து நின்றது.

"எக்கா, ஒரு இஞ்ச்தான் இடிக்கும். தகரத்தக் கழத்திருவமா? கப்பலுக்கு நேரமாவுது" என்றார் தனராஜ்.

"ஆணியடிச்ச தகரம் அண்ணாச்சி. கழத்துனா சல்லடையாத்தான் திரும்பி வரும். ஒரு இஞ்ச் தொட விடமாட்டேன், பாத்துக்கிடுங்க!"

கவனித்தீர்களா? அவர் இஞ்ச் என்றது 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்ற பொருளில். அவள் இஞ்ச் என்றது மொத்தக் கூரையையும். கட்டுரைக்கு இதுவே போதும். ஆனால் கூரை என்னாவது?

4.

முடிவு அ: கூரை நொறுங்குகிறது. இப்படி முடித்தால் நாலு பேர் பாராட்டுவார்கள். பரிசு கூடக் கிடைக்கலாம். எழுத ஆரம்பித்தேன். "நசுங்கிய தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பேச்சிச்செல்வியின் கண்களிலிருந்து—"

அவளே வந்துவிட்டாள்.

"ஏன் சார், அவுகளுக்குக் கப்பல் அவசரம். உங்களுக்கு என்ன அவசரம்? என் கூரைய ஒடச்சாத்தான் உங்களுக்குக் கத வருமா?"

வெட்கமாகப் போய்விட்டது. எழுதியதை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: வானத்தில் ஒரு ஹெலிகாப்டர்— சிரிக்காதீர்கள். அதையும் அடித்துவிட்டேன்.

5.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ரோச் எழுந்தார். நாற்பது வருஷம் தோணியில் போனவர். கயிற்றையும் கடல் ஆழத்தையும் இரண்டு கையை விரித்துப் பாகம் பாகமாக அளந்து பழகியவர். டேப்பை நம்பவே மாட்டார். பெஞ்சின் மேல் ஏறி, இறக்கையின் அடிவயிற்றுக்கும் கூரையின் உச்சிக்கும் நடுவே விரல்களை விரித்துப் பிடித்தார்.

"ஏலே தனராஜ், இதா ஒன் இஞ்சு? முழுசா ஒரு சாணு இடிக்குதுல்லா!"

இறங்கி, அதே சாணைக் காலுக்கு அடியிலிருந்த செங்கல் அடுக்கின் மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. முகம் மலர்ந்தது.

"ஏளா பேச்சி, செங்கல உருவு. அடியில ரெண்டு விரல் மண்ணயும் பறிச்சிட்டா, நெசமாவே ஒரு இஞ்சு மிச்சம்."

பேச்சிச்செல்வி கூரையைப் பார்த்தாள். ரோச்சின் விரல்களைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து மண்ணைப் பறிக்க உட்கார்ந்துவிட்டாள்.

செங்கல்லை உருவினார்கள். கூரை இறங்கியது. ஆனால் பறித்த மண்ணில் கால் தானாக நிற்காது, ஆள் பிடிக்க வேண்டும். ஒரு காலைப் பேச்சிச்செல்வி கட்டிக்கொண்டாள். ஒன்று ரோச். உப்பளத்திலிருந்து பார்சல் டீ வாங்க வந்த ஜெப்ஸி தூக்குவாளியை வைத்துவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காவது?

தனராஜ் இறக்கை நுனியை விட்டு நகர முடியாது. சுடலைக்கண்ணு ஸ்டியரிங்கில். முதல் வரைவில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். கதை நீளுகிறது என்று நான்தான் நீக்கினேன். நான் பிடிக்கலாம் என்றால், பேனாவை வைத்த நொடியில் எல்லாரும் அப்படியப்படியே நின்றுவிடுவார்கள்.

"இஞ்ச் இஞ்சா வா!" என்கிறார் தனராஜ். வண்டி நகருகிறது. இறக்கையின் நிழல் தகரத்தின் மேல் ஏறிவிட்டது. கூரை நான்காவது மூலைப் பக்கம், அதாவது உங்கள் பக்கம், மெல்லச் சாய்கிறது. பேச்சிச்செல்வி தலையை மட்டும் திருப்பி, என்னைத் தாண்டிப் பார்க்கிறாள்.

"அங்கன உக்காந்து என்ன வாசிப்பு? ஓடி வந்து பிடிங்க!"