கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிள் கடை அக்கா பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். அது குடித்தவன் மாதிரி தள்ளாடியது. மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கம்பி அறுந்திருந்தது. சைக்கிளுக்குச் சொந்தக்காரரான ரொட்டிக் கடைக்காரர், ஆறடி ஆள், திருடிப் பிடிபட்டவர் போல நின்றார்.

"புதுச் சக்கரமே கட்டிடலாம்ண்ணே. உங்க எடை எவ்வளவு?"

காற்றடிக்கக் காத்திருந்த நாலு பேரை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "தொண்ணூறு."

போன தடவையும் இதே தொண்ணூறுதான். அதை நம்பி முப்பத்திரண்டு கம்பியில் சக்கரம் கட்டிக் கெட்ட பெயர் வாங்கியவள் அவள். கம்பி எடையைத் தாங்கும், பொய்யைத் தாங்குமா? எரிச்சலாக வந்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் மனுஷனைத் தராசில் ஏற்ற மனசு வரவில்லை.

"சரிண்ணே, தொண்ணூறு. தினமும் லோடு எவ்வளவு ஏத்துவீங்க?"

அவர் முகம் தெளிந்தது. "லோடா? அது ஒரு நாப்பது கிலோ வரும்மா."

நோட்டில் நூற்று முப்பது என்று குறித்துக்கொண்டாள். கனமான ரிம், நாற்பது தடித்த கம்பிகள், அகலமான டயர்.

மறுநாள் அவர் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினார். சக்கரம் முனகக்கூட இல்லை. காற்றடிக்க வந்த ஒருவருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாப்பது கிலோவ எதுலண்ணே ஏத்துவீங்க? கேரியரே காணோமே?"

அக்கா சட்டென்று ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். ரொட்டிக்காரர் தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார்.

"இதுக்கு எதுக்குய்யா கேரியர்? இறக்கி வைன்னாத்தான் கஷ்டம்."