நாலு அங்குல உயரம்

பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தபோது முற்றத்தில் நின்றவர்கள் எட்டுப் பேர். இறந்த ஜனார்த்தனனின் மனைவி மனோரஞ்சிதம், மகள் கௌசி, மகன் பிரதீபன். வலப்பனையிலிருந்து கோடித் துணியோடு வந்த மைத்துனர் ஆண்டியப்பன். பிரதீபன் வேலை பார்க்கும் அட்டன் கராஜின் முதலாளி கணேசமூர்த்தி. தப்பு அடிக்க வந்த இரண்டு பேர். எட்டாவது ஆள் இறந்தவரின் அண்ணன் தங்கவேலு. எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாமல், சலவை வேட்டியோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கொட்டகலைக் கடைவீதிக்காரர்கள் வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்றார்கள். வரவேண்டிய கூட்டம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் மட்டும் அறுபது வீடு. பிரசவ வலியோ பாம்புக் கடியோ, கூப்பிட்ட நேரத்துக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனவர் ஜனார்த்தனன். ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே மாரியம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டது. காப்புக் கட்டியவர்கள் சாவு வீட்டை மிதிக்கக் கூடாது. ஆகவே அவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேயிலைச் சரிவில், தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள். அத்தனை மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

அந்தக் கொடிச்சீலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கும்போதுதான் ஜீப் உருண்டது.

"மாப்ள, வாப்பா. சட்டியத் தூக்கு," என்றார் ஆண்டியப்பன்.

பிரதீபன் கொள்ளிச் சட்டியைப் பார்த்தான். அசையவில்லை. நனைந்த வேட்டியும் புதிதாக மழித்த தலையுமாக, இருபத்தேழு வயதுக்காரன் பத்து வயது கூடித் தெரிந்தான்.

வெளியே குடைகளுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மெல்லப் பேசுவதாக நினைப்பு. முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"நல்லா இருந்த ஜீப்ப ஒசத்துறேன்னு ஒசத்தி, அப்பனையே உருட்டிட்டான் பாரு."

"போன்ல வீடியோ பாத்து ஸ்பிரிங்கு போட்டிருப்பான். டயரப் பாத்தியா? லொறி டயரு மாதிரி."

"அந்தக் கையால கொள்ளி வச்சா செத்தவருக்குக் கதி கிடைக்குமா?"

பிரதீபன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடல மாமா. அவங்க சொல்றது சரிதான். வேற யாராச்சும் வைங்க."

மனோரஞ்சிதம் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஆண்டியப்பன் தடுமாறி, தங்கவேலுவிடம் திரும்பினார். "நீங்க வச்சிருங்க மச்சான். வம்சத்துக்கு மூத்தவங்க. நாலரைக்கு ராகு காலம் வந்துரும். நேரம் போவுது."

நேரம் போகிறது. வெள்ளிக்கிழமை காலையில் தங்கவேலு சொன்னதும் அதைத்தான்.

நாற்பது வருடமாக அந்தக் கோயிலுக்குக் கொடிச்சீலை அண்ணன் தம்பியின் கடையிலிருந்துதான் போகும். அவர்கள் வண்டியில்தான் போகும். போன மழையில் மேல் டிவிசன் ரோடு சரிந்து, கல்லும் பள்ளமுமாகக் கிடந்தது. ஜீப்பின் வயிறு கல்லில் இடித்தது. கோயில் கமிட்டி ஆள் கடைக்கு வந்து, "இந்த வருசம் ரோட்டு வேல கொந்தராத்துக்காரர் டிராக்டருல கொண்டு போயிர்றோம் முதலாளி, நீங்க சிரமப்பட வேணாம்," என்றான். சிரமப்பட வேண்டாம் என்ற அந்தச் சொல் தங்கவேலுவுக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. அன்றே பிரதீபனைக் கூப்பிட்டு ஜீப்பை உயர்த்தச் சொன்னார்.

பையன் இரண்டு வாரம் வீட்டுப் பின்புறமே கிடந்தான். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி நாலு அங்குலம் தூக்கினான். நீளமான ஷொக் அப்சோபர் போட்டான். பெரிய டயர் நாலும் பூட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்தான். ஜனார்த்தனன் பக்கத்தில் குந்தி, டோர்ச் பிடித்துக்கொண்டே, "பொண்ணுக்குக்கூட இத்தன பொட்டு வைக்க மாட்டாங்கடா," என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தங்கவேலு வந்தபோது ஜீப் பந்தயக் குதிரை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"எடுக்க வேணாம் பெரியப்பா," என்றான் பிரதீபன். "பிரேக்குக்கு எண்ண போற ரப்பர் ஹோஸ் இன்னும் வரல. இது பழைய ஹோஸ், நீளம் பத்தாது. வண்டி ஒசந்திருச்சில்ல? சக்கரம் பள்ளத்துல தொங்குனா இழுத்துப் பிச்சிரும். கொழும்புல இருந்து திங்கக்கிழம வந்துரும்."

"கொடி திங்கக்கிழமையா ஏறும்?"

"ஒரே லைன் பிரேக்கு பெரியப்பா. ஒரு ஹோஸ் போனா நாலு சக்கரத்துக்கும் இல்ல. இந்த ஒரு வருசம் டிராக்டருல…"

"டிராக்டர்னு இன்னொரு தடவ சொல்லாத. பத்தரைக்கு ராகு காலம். நேரம் போவுது."

வீட்டை ஒட்டிய கடைச் சுவரில் சாவி மாட்டும் ஆணிகள் மூன்று. கடைக்கு ஒன்று, கிட்டங்கிக்கு ஒன்று, ஜீப்புக்கு ஒன்று. பிரதீபன் மறுத்து நின்றான். தங்கவேலு மூன்றாவது ஆணியிலிருந்து சாவியைத் தானே எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். ஜனார்த்தனன் மகனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அறுபத்தாறு வருடத்தில் அண்ணன் நீட்டியதை அவர் வாங்காமல் விட்டதில்லை.

"மெதுவாப் போய்ட்டு வந்துர்றேன்டா," என்று மகனின் தோளைத் தட்டினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

கொடி பத்து பத்துக்கு ஏறியது. பதினொன்றரைக்குத் தகவல் வந்தது.

மரண விசாரணை அதிகாரி, "வண்டி வேலை எல்லாம் முடிஞ்சிருந்ததா?" என்று கேட்டார். "எனக்கு அதப் பத்தித் தெரியாதுங்க," என்றார் தங்கவேலு. பக்கத்தில் நின்ற பிரதீபன் தரையைப் பார்த்தான். அந்த 'தெரியாது' மூன்று நாளில் கடைவீதி முழுக்கக் கிளை விட்டுவிட்டது.

"மச்சான்," என்று ஆண்டியப்பன் சட்டியை நீட்டினார். புகை தங்கவேலுவின் முகத்தில் அடித்தது.

கணேசமூர்த்தி அதுவரை தூணோரமாக நின்றிருந்தார். "ஒரு வார்த்த சொல்லிர்றேங்க," என்றார். "நான் போய் ஜீப்பப் பாத்தேன். பய பூட்டுன ஒரு போல்ட்டுகூட அசையல. முன் ஹோஸ் அறுந்திருக்கு. புது ஹோஸுக்கு ஓடர் குடுத்ததே நான்தான். அது வராம வண்டிய வெளிய எடுத்ததுதான் தப்பு. யாரு எடுக்கச் சொன்னதுன்னு மூணு நாளாக் கேக்குறேன், வாயத் தெறக்க மாட்டேங்கிறான்."

"அப்பா தானா எடுத்தாங்க," என்றான் பிரதீபன் அவசரமாக. "விடுங்க மொதலாளி."

மனோரஞ்சிதம் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "அவரு எந்த நாளு எதத் தானா எடுத்தாரு?" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தப்புக்காரர் இருவரும் குச்சியைத் தாழ்த்தினார்கள். தங்கவேலு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து.

"நேரம் போவுது மச்சான்," என்றார் ஆண்டியப்பன்.

"போகட்டும்."

தங்கவேலு வாசல்வரை நடந்தார். குடைகளுக்குக் கேட்கும்படி, கடையில் வேலையாளைக் கூப்பிடும் அதே குரலில் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வேல முடியல, எடுக்காதீங்கன்னு பையன் சொன்னான். ரெண்டு தடவ சொன்னான். சாவிய எடுத்துக் குடுத்தது நான். விசாரணையில தெரியாதுன்னு சொன்னதும் நான். நாளைக்குப் போயி அதயும் மாத்திச் சொல்லுவேன்."

முன்னால் நின்ற இரண்டு மூன்று குடைகள் பின்னால் நகர்ந்தன.

அவர் திரும்பி வந்து, ஆண்டியப்பனிடமிருந்து சட்டியை வாங்கினார். "புடி," என்றார்.

பிரதீபன் பெரியப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். வாங்கிக்கொண்டான். நன்றியோ மன்னிப்போ அந்தப் பார்வையில் இல்லை.

பாடை நாலு ஐம்பதுக்கு, ராகு காலத்துக்குள்ளேயே கிளம்பியது. ரோட்டுக்கு வந்ததும் தேயிலைச் சரிவில் நின்றவர்களும் நடக்கத் தொடங்கினார்கள். ரோட்டில் கால் வைக்காமல், செடிகளுக்கு நடுவே, பாடைக்குச் சமமாகச் சுடுகாட்டு முனைவரை நடந்தார்கள்.

மறுநாள் காலையில் தங்கவேலு கடையைத் திறக்கவில்லை. பூட்டிய கதவுக்குள் நின்று, மூன்றாவது ஆணியைக் குறட்டால் பிடித்துப் பிடுங்கினார். காரையோடு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு விசாரணை அதிகாரியைப் பார்க்கக் கிளம்பினார்.

கடைவீதியில் இப்போது வேறு பேச்சு. பெரிய மனுஷன், தம்பி மகனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றார்கள். அந்தக் குடும்பத்துக்கே உள்ள பெருந்தன்மை என்றார்கள்.

அப்படி எதுவும் இல்லை. சாவியைக் கொடுத்தது அவர்தான்.