சாக ஆள் தேவை

கள்ளக்குறிச்சி கலைவிழாவில் தெருக்கூத்துக்குக் கொடுத்தது பத்தே நிமிடம். துரியோதனன் தன் பெருமையைப் பாடி முடிக்கவே கோழி கூவிவிடும். ஆனாலும் தியாகதுருகம் கூத்து ஜமா அசரவில்லை. துச்சாதனன் உருவிய சேலை கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பாஞ்சாலி வேஷம் கட்டிய பூமாலை கூந்தலை அவிழ்த்து, துரியோதனன் செத்தால்தான் முடிப்பேன் என்று சபதம் போட்டார். அந்த நொடியில் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

சபதம் போட்ட பாஞ்சாலி, துரியோதனன் சாகாமல் கூந்தலை முடிக்கக் கூடாது, வேஷத்தையும் கலைக்கக் கூடாது. அது ஜமாவின் கட்டு. சாக வேண்டிய துரியோதனன் வேஷக்காரன் செல்லமுத்துவோ, சாயங்காலக் கூத்துக்குத் திருநாவலூர் பஸ் ஏறிவிட்டான். மத்தியானம் பூமாலையின் மகள் கண்ணகியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"இந்தக் கோலத்துல வூட்டுக்குப் போனா இன்னாடா ஆவும்?"

"மாப்ள வூட்டுக்காரங்க செருப்ப வுட்டுட்டு ஓடுவாங்க மாமா" என்றான் வீமன் வேஷத்திலிருந்த பழனி.

இருவரும் தியாகதுருகம் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் விசிலை விழுங்காத குறை. முன்சீட்டைப் பார்த்ததும் பூமாலையின் ரத்தமெல்லாம் டயருக்கு இறங்கிவிட்டது. போட்டோவில் பார்த்த முகம். மாப்பிள்ளையின் அப்பா தனசேகரன். பக்கத்தில் பூக்கூடையோடு அவர் மனைவி அமிர்தம்.

அவர்களை அறியாத பழனி, நடந்ததை பஸ் முழுக்கச் சொல்லிவிட்டான். "மாமா வூட்டுக்குப் பொண்ணு பாக்க வராங்க. யாராச்சும் துரியோதனனா செத்துக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

பஸ்ஸே ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. துரியோதனன் சாவுக்கு யார் ஒப்புவார்?

தனசேகரன் எழுந்தார். "கண்ணகிக்கு அப்பா நீங்கதானா?"

பூமாலை தலையாட்டினார். அவிழ்ந்த சவுரியும் கூடவே ஆடியது.

"பையனுக்கு அப்பா நான். சீக்கிரம் அடிங்க, ஊரு வந்துகினு இருக்குது."

சொன்னவர் சீட்டுகளுக்கு நடுவில் மல்லாந்துவிட்டார். பழனி கதாயுதத்தால் தொடையைத் தொட்டதுதான் தாமதம், தனசேகரன் போட்ட அலறலில் உளுந்தூர்பேட்டை ரயில் நின்றிருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்தார். இரண்டு கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூந்தலில் ரத்தம் தடவி முடிக்க வேண்டிய பாஞ்சாலி, ரத்தத்துக்குச் சுற்றுமுற்றும் தேடினார். அமிர்தம் கூடையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள்.

"தடவிக்கினு முடிங்கண்ணா. நல்ல காரியத்துக்குக் கூட்டியாந்தா, வழியிலயே செத்துட்டாரு மனுசன்."

பூமாலை கூந்தலை முடித்தார். தனசேகரன் அசையவில்லை.

"ஏங்க, செத்தது போதும்" என்றாள் அமிர்தம். "எழுந்திரிங்க, சம்பந்தி வூடு வந்துடுச்சு."