இரண்டு கட்சிக்கும் ஒரே வாய்

சாயங்காலத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கும் சேர்த்து வாதாடிக்கொண்டிருந்தான். கடவுள் இல்லை என்பது அவன் கட்சி. இருக்கிறார், அதுவும் மனிதனாகவே வந்து சிலுவையில் செத்து எழுந்தார் என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கு, இதே மேஜையில், இன்னும் தீர்ப்பாகவில்லை. அவள் பேசுவதில்லை என்பதற்காக அதைக் கிடப்பில் போட்டுவிட முடியுமா என்ன? தன் கட்சியை உட்கார்ந்தபடி பேசினான். அவள் கட்சியை மரியாதையாக எழுந்து நின்று பேசினான்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று ஊருக்கே சொன்ன குரல். தொண்டையில் கட்டி வந்தது, அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நல்லவேளை, கெட்ட கட்டி இல்லை. ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது என்றார் டாக்டர். பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு, பேசிப் பார்த்தால்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டார். மாதமும் முடிந்தது. இப்போது தாராளமாகப் பேசலாம். அவள்தான் பேசவில்லை. பேசிப் பார்த்து, வராமல் போய்விட்டால்? பேசாதவரை குரல் இருக்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாம். அவனுக்கு அது புரிந்ததால் வற்புறுத்தவில்லை. ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுத நாட்களும் உண்டு.

அவர்களுடைய வழக்குக்கு ஒரு சட்டம் இருந்தது. அவள் போட்டது. எதிராளி சொன்னதை முதலில் நாம் நேர்மையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று எதிராளி தலையாட்டிய பிறகுதான் மறுத்துப் பேசலாம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கடவுளைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய்க் கதவைத் திறப்பது நான், வெளியே வந்ததும் நன்றி மட்டும் அவருக்குப் போகிறது என்பது அவனுடைய பெரிய வாதம். உங்களை அனுப்பியது யார் என்பாள் அவள். ஆபீஸிலிருந்து போன் வந்தது என்பான் அவன். இப்படியே சோறு ஆறிப்போகும். அவள் பக்கத்து வாதமும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். உலகம் இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதே, ஒழுங்கு செய்தவர் ஒருவர் இல்லாமலா? இதைச் சொன்னால் அவள் எப்போதும் தலையாட்டிவிடுவாள்.

ஆனால் தனியாக வாதாடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முட்டிக்கொள்ள ஆளில்லாமல் தன் வாதமே தன் காதில் விழத் தொடங்கிவிடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான். லிஃப்டைத் தூக்குவது மோட்டார், கயிறு, அறிவியல் என்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டான். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் நம்பாததுக்குக் காரணம் இதெல்லாம் இல்ல," என்றான். "எங்கப்பா படுக்கையில கெடந்தப்ப ஜெபம் பண்ண வந்தவங்க, இந்த வீட்ல ஒருத்தருக்கு விசுவாசம் இல்ல, அதான் இவர் எழுந்திரிக்கலன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்கு விட்டதுதான். மோட்டார், கயிறெல்லாம் அப்புறம் சேத்துக்கிட்டது."

இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையோ சொல்ல வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய தம்பி வந்தான். தங்கமான பையன், அக்கா மேல் உயிர். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்ததைக் கொட்டினான்.

"அக்கா ஜெபத்துல ஒரு குறையும் இல்ல அத்தான். நீங்க நம்பாததாலதான் அவ குரல் போயிருச்சு. அவளுக்காகவாவது ஒரு தடவ முழங்கால் போடுங்க."

அப்பாவின் கட்டிலருகே கேட்ட அதே பேச்சு. அவளுடைய பிடி இறுகியது. பழைய ஆளாக இருந்தால் மேஜை பறந்திருக்கும். மெக்கானிக் எழுந்து நின்றான். எழுந்து நின்றால் அது அவள் கட்சி என்பது மச்சினனுக்கு எங்கே தெரியும்?

"எனக்குக் கடவுள் கிடையாது மாப்ள. ஆனா உன் அக்காவோட ஆண்டவர எனக்கு நல்லாத் தெரியும். ஒரு மாசத்துக்கு மேலா அவருக்காக நான்தான் பேசிட்டிருக்கேன். என் மேல கோபம்னா என்கிட்டதான் வருவாரு, அவ கழுத்தப் பிடிக்க மாட்டாரு. அவரப் பத்தி இந்த வீட்ல தப்பாப் பேசாத."

மச்சினன் திருதிருவென்று விழித்தான். நாத்திகனிடம் ஆண்டவருக்காகத் திட்டு வாங்குவோம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, பாவம்.

"அத்தான் சொல்றது சரிடா."

பாதி காற்று, பாதி கரகரப்பு. ஊர் கேட்ட குரல் இல்லை. ஆனால் குரல். தம்பி "ஸ்தோத்திரம்" என்று நெஞ்சில் கைவைத்து, உடனே அத்தானைப் பார்த்து அசடு வழிந்தான். மெக்கானிக்கின் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. அவள் பேசிவிட்டாள் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. தன்னைச் சரி என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பெருமையை அனுபவிக்க அவள் விடவில்லை.

"ஆனா... என் பக்கத்த நீங்க தப்பாப் பேசுறீங்க," என்றாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "ஒழுங்கு கிழுங்குக்காகல்லாம் நான் நம்பல."

"தலையாட்டினியே. இத்தன வருஷமா."

"அது சொல்றதுக்கு சுலபம். நீங்க மட்டும் என்னவாம்?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பின்ன எதுக்குத்தான் நம்புற?"

அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அவன் முகம் மாறுவதைப் பார்த்ததும், பொறுங்கள் என்று ஒரு விரலை உயர்த்திவிட்டு, மற்றொரு கையால் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். அவளுடைய அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று இந்த முறை அவனுக்குத் தெரியவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு மடக்காக விழுங்கினாள், தொண்டையிலிருந்த தழும்பு ஏறி இறங்கியது, விரல் உயர்ந்தபடியே இருந்தது.