எர்த்தாக நியமிக்கப்பட்டவள்

கமலவேணியை அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு எர்த் ஒயராக நியமித்துவிட்டார்கள். மின்சார அலுவலகத்து ஆணை செவ்வாய்க்கிழமை வந்தது. கசிகிற கரண்டெல்லாம் இனி அவள் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவள், நம் எல்லோரையும் போல. உலோக உடம்புள்ள மடிக்கணினி ஒன்றும் வைத்திருந்தாள். அந்தத் தகுதி போதும் என்று ஆணையில் இருந்தது.

பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. ஆணைக்கு முன்பே, நாலு வருஷமாக, மணிக்கட்டை மடிக்கணினி விளிம்பில் வைத்தால் சுர்ரென்று இழுக்கும். விரல் துள்ளும். திருத்திய பிழை மறுபடி பிழையாகிவிடும்.

மின்சார அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். நடக்க நடக்க நடைவழி நீண்டது. பாதியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மீண்டும் நடந்தாள். அதிகாரி ஒரு மரப்பலகைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஷாக் அடிக்குது சார்."

"அடிக்கணும்மா. நீங்கதான எர்த்து."

"எனக்கு வேணாம்."

"வேணாங்கறதுக்கு ஃபாரம் இல்லியே."

"அப்ப வாயாலயே சொல்லிட்டேன். வரேன்."

வெளியே வந்து ரப்பர் செருப்பை மாட்டினாள். வீட்டு வாசலில் அதைக் கழற்றவில்லை. அப்படியே அடுப்படிக்குள் போனாள். சாமி படத்தின் முன்னால் நின்று, "கோச்சுக்காத" என்றாள். பிறகு வேலைக்கு உட்கார்ந்தாள். மடிக்கணினி சாதுவாக இருந்தது.

இறங்க வழியில்லாத கரண்ட் கட்டடத்துக்குள் தேங்கியது. வாளித் தண்ணீர் முணுமுணுத்தது. கீழ்வீட்டு அலமேலுவின் பின்னல் நிமிர்ந்து கூரையைத் தொட்டது. வீட்டுக்காரர் தணிகாசலம் வாயைத் திறந்தால் வானிலை அறிக்கை வந்தது.

குடியிருந்தவர்கள் எல்லோரும் கமலவேணியிடம் வந்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள். செருப்புகளை வாசலில் விட்டுவிட்டே உள்ளே வந்தார்கள்.

தணிகாசலம் தென்கடலோர மழையைச் சொல்லி முடித்துவிட்டு, "வீட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி தங்குவாளாம்மா?" என்றார்.

"அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கி வச்சிருக்கேன்."

"லேசா ஒரு சுர்ரு. அதுக்குப் போயி..."

"நாலு வருஷமா அது என் பிரமைன்னு சொன்னீங்க. பிடிங்க."

மடிக்கணினியை அவர் கைகளில் வைத்தாள்.

சுர்ர். அவர் அலமேலுவைப் பிடித்தார். அலமேலு அடுத்தவரைப் பிடித்தாள். வரிசை படியிறங்கிக் கட்டட வாசல் மண்வரை போய் நின்றது. பயப்படாதீர்கள் கண்ணுகளா, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னல்கூடத் தணிந்துவிட்டது.

கமலவேணி வாசலில் கிடந்த பதினொரு ஜோடிச் செருப்பையும் அள்ளி வந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாற்காலியைத் தணிகாசலத்தின் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் கைகளிலிருந்த மடிக்கணினியில் தட்டத் தொடங்கினாள்.

"எப்பம்மா விடுவே?"

"ஆடாம நில்லுங்க. இன்னும் பதினாலு பாடம் இருக்கு."