கொம்பில்லாத கடல்பசு

டிராயிங் மாஸ்டர் நல்லதம்பிக்கு வயிறு எரியத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடைக்கலமேரி டீச்சர் கீரமங்கலம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தும் சரியாக இரண்டு வருடம். அவள் எடுப்பது சயின்ஸ். படம் போடுவது அவள் வேலையே இல்லை. ஆனாலும் போட்டாள், நன்றாகவும் போட்டுத் தொலைத்தாள். அதுதான் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

1964-க்கு ஒரு பாக்கெட் டைரி போட வேண்டும் என்று புதுக்கோட்டையில் சில பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் நம் பக்கத்துக் காட்டிலும் கடலிலும் வாழும் உயிர்கள். ஒவ்வொன்றின் கீழும், அதைக் கொல்லாதீர்கள் என்று ஒரு வரி. பதினோரு படத்தை டீச்சரிடம் கொடுத்துவிட்டு டிசம்பரை மட்டும் மாஸ்டருக்கு விட்டார்கள். அந்த ஒன்றிலேயே அவளைத் தூக்கிச் சாப்பிடுகிறேன் பார் என்று அவர் கறுவிக்கொண்டார்.

அவருக்கு வந்தது கடல்பசு. டீச்சர் கோட்டைப்பட்டினத்துக்காரி, கரையில் ஒதுங்கிக் கிடந்ததைச் சின்ன வயதிலேயே பார்த்தவள். அது எப்படி இருக்கும் என்று சொல்ல வந்தாள்.

"பசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? எங்க வீட்டுல ரெண்டு நிக்கிது" என்றார் மாஸ்டர்.

வீட்டு மாட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் வரைந்தார். கொம்பு, மடி எல்லாம் அச்சு அசல். பின்னால் மட்டும் ஒரு மீன்வால். கழுத்தில் மணி கட்டாததுதான் பாக்கி. அதில் தானே சொக்கிப்போய் அச்சகத்துக்கு அனுப்பினார்.

டைரி வந்ததும் நேரே டிசம்பரைப் பிரித்தார். கொம்பும் இல்லை, மடியும் இல்லை. தடித்த உதடும் துடுப்புக் கையுமாக ஏதோ ஒன்று, குட்டியை அணைத்தபடி கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. கீழே அவர் பெயர். உள்ளே டீச்சர் எழுதிய சீட்டு: அச்சுக்குப் போகுமுன் படத்தைப் பார்த்தாளாம், கடற்கரையில் அவரைக் கேலி பேசுவார்களே என்று தானே வேறு வரைந்து வைத்தாளாம், யாருக்கும் தெரியாதாம், மன்னிக்க வேண்டுமாம்.

அவள் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தாலாவது சண்டைக்குப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று மாஸ்டர் பொருமினார்.

தை மாதம் சந்தையில் கருவாடு விற்ற பெரியகருப்பன், அவர் யாரென்று கேள்விப்பட்டு எழுந்து வந்தான். சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து டிசம்பரைக் காட்டினான்.

"போன வாரம் எங்க வலையில ஒண்ணு கெடந்துச்சு வாத்தியாரய்யா, குட்டியோட. வழக்கமா கறிக்கு அறுத்துருவோம். நீங்க போட்ட இந்தக் கண்ணு நெனப்புக்கு வந்துருச்சு. வலைய அறுத்து விட்டுட்டேன்."

மாஸ்டரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மற்ற படங்கள் எப்படி என்று கேட்டார்.

"குத்தமில்ல. ஆனா ஒங்களுக்குக் கிட்ட வராது. அந்த டீச்சரம்மா ஒங்ககிட்ட கத்துக்கணும்."

இரண்டு வருடமாக அவர் கேட்கத் தவித்த வார்த்தை. படத்துக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிப் பென்சிலை நீட்டினான் பெரியகருப்பன். நல்லதம்பி அதை வாங்கிக்கொண்டு, அங்கே அச்சாகியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நல்லதம்பியைப் பார்த்தும் அவருக்கு வயிறு எரிந்தது.